ஐந்து வரிகளும் ஒரு நீல ஃபைலும்

8 செப்டம்பர் 2025, திங்கள்

இன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை. நடக்காது என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. அதனால் கணக்குப் புத்தகத்தைக் கடைசி மணி வரை மேசையிலேயே வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் ஆலோசகர் கஸ்தூரி டீச்சர் வந்து பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்தில் இருக்கும் எங்கள் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். தலைப்பு: ‘பள்ளிக்குப் பிறகு நான்’. மேல் பாதியை மாணவர் எழுத வேண்டும், கீழ்ப் பாதியைப் பெற்றோர் எழுத வேண்டும். மற்றவர்கள் டாக்டர், இன்ஜினியர், யூடியூபர் என்று எழுதி இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. எழுதியது இது:

1. எனக்கென்று ஒரு அறை. அதன் கூரையில் கீச்சிடாத காற்றாடி.
2. பஸ்ஸில் தனியாக வேலைக்குப் போவேன்.
3. சாவி என் பையில் இருக்கும்.
4. என் தட்டில் யாரும் கேட்காமல் எதையும் வைக்க மாட்டார்கள்.
5. என் பெயருக்குத் தபால் வரும்.

டீச்சர் படித்துவிட்டு, “என்ன வேலைன்னு எழுதலையே லோஷினி?” என்றார். வேலை எது என்று இன்னும் தெரியவில்லை, தெரியாததை எப்படி எழுதுவது என்றேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை.

எனக்கு ஆட்டிசம். ஒன்பது வயதில் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. ‘கூச்சம்’ என்று சொல்ல வேண்டும். நான் கூச்சப்படுகிறவள் இல்லை. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதுதான் கஷ்டம்.

10 செப்டம்பர், புதன்

அம்மா தன் பாதியை எழுதிக் கொடுத்துவிட்டார். பெற்றோருக்கு நான்கு கேள்விகள். உங்கள் பிள்ளை என்ன வேலை செய்வார், எங்கே வசிப்பார், யார் உதவுவார், பத்து வருடம் கழித்து எப்படி இருப்பார். நான்குக்கும் ஒரே பதில்: ‘வீட்டில் என்னோடு இருப்பாள்.’

நான்காவதுக்கு அதை எழுதக்கூட அலுப்புப் போல. மேலே இருப்பதே என்று இரண்டு புள்ளி மட்டும் போட்டிருக்கிறார்.

என் பத்து வருடம் ரெண்டு புள்ளியா?

14 செப்டம்பர், ஞாயிறு

மனோகரன் மாமா வந்தார். அக்கா ஷர்மினிக்கு பொந்தியானில் ஒரு வரன் பார்த்திருக்கிறார். பெயர் யுகேந்திரன், சிங்கப்பூரில் லிஃப்ட் டெக்னிஷியன். ஜாதகம் வேண்டும் என்றார். அதைப் பேசி முடிக்கும்போது மணி நான்கு இருபத்திரண்டு. நான்கரைக்கு ராகு காலம். அம்மா சாமி மேடைக்குக் கீழே இருக்கும் இழுப்பறையைத் திறந்து, நீல ஃபைலில் இருந்த என் ஜாதகத்தை மட்டும் உருவிப் போட்டுவிட்டு, ஃபைலை அப்படியே மாமா கையில் கொடுத்து, “அண்ணே, நாலரைக்குள்ள கேட்ட தாண்டிடுங்க” என்றார். மாமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினார். வெளியே நின்று போட்டுக்கொண்டார்.

நான்கு இருபத்தொன்பது. பார்க்க நன்றாக இருந்தது.

19 செப்டம்பர், வெள்ளி

பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் வேலைப் பயிற்சி. கஸ்தூரி டீச்சர்தான் ஏற்பாடு செய்தார். மிசஸ் லிம்மின் டோபிக் கடை. சின்னக் கடை இல்லை, கிளினிக்குகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கட்டில் விரிப்பு துவைக்கும் பெரிய கொட்டகை. முதல் நாள் லீவு போட்டு என்னைக் கொண்டுவிட வந்த அப்பா வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இயந்திரச் சத்தத்துக்கு ஒழுங்கு உண்டு. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மூன்றாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. மனிதர்கள் பேசுவதுதான் அப்படி இல்லை.

இரண்டாம் நாள் மிசஸ் லிம் மடித்த விரிப்பின் ஓரம் சேரவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் விரித்துப் பார்த்துவிட்டு, நீ சொன்னது சரிதான் என்று மலாயில் சொல்லித் திரும்பவும் மடித்தார்.

இன்று கடைசி நாள். பரீட்சை முடிந்து வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். ஆனால் ஒரு நிபந்தனை: ஆரம்பத்தில் கூடவே நின்று சொல்லித்தர ஒரு ஜாப் கோச் வேண்டும், மிசஸ் லிம்முக்கு அதற்கு நேரம் இல்லை. ஜாப் கோச் வெல்பேர் ஆபீஸ் மூலமாக வருவார். அதற்கு ஓகேயு கார்டு வேண்டும், உடற்குறை உள்ளவர்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கொடுக்கும் அட்டை. கார்டுக்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். பழைய ரிப்போர்ட் இருந்தால் சீக்கிரம் நடக்கும், இல்லாவிட்டால் முதலிலிருந்து பரிசோதனை, வரிசையில் எத்தனை மாதமோ என்றார் டீச்சர்.

ரிப்போர்ட் இருக்கிறது. ஒன்பது வயதில் எடுத்தது. அம்மாவிடம்.

24 செப்டம்பர், புதன்

கேட்டேன்.

“கார்டெல்லாம் வேணாம். பேரு பதிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும்.”

“தெரிஞ்சா என்ன?”

“அக்காவுக்கு இப்பதான் ஒரு நல்ல எடம் வந்திருக்கு. தங்கச்சிக்கு இப்பிடின்னா நாளைக்குப் பொறக்குற புள்ளைக்கும் வரும்னு பேசுவாங்க. கல்யாணம் முடியட்டும். அப்பறம் பாக்கலாம்.”

அப்பறம் என்றால் எப்போது? தேதி கேட்டேன். அம்மா அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டுத் தாளிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மிசஸ் லிம் எவ்வளவு நாள் காத்திருப்பார்? இருபது பேர் வேலை கேட்டு வரும் இடம். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் கேட்டுக்கும் அறுபத்தொரு தடவை நடந்தேன்.

5 அக்டோபர், ஞாயிறு

அம்மாவும் அக்காவும் கோயிலுக்குப் போனதும் இழுப்பறையைத் திறந்தேன். திருட்டு இல்லை, அது என்னைப் பற்றிய தாள். வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், என் ஜாதகம், விபூதிப் பொட்டலம். ரிப்போர்ட் இல்லை.

அம்மா வந்ததும் நேராகவே கேட்டேன். “இழுப்பறைய ஏன் நோண்டுன?” என்று ஆரம்பித்தார். “ரிப்போர்ட் எங்க?” என்றேன். “ஜாதக ஃபைல் பின்பக்கம்தான். அத யாரு தொறக்கப் போறா…”

சொல்லிக்கொண்டே இருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பூக்கூடை கையில் இருந்தது.

யாரும் திறக்க மாட்டார்கள் என்று அம்மா நினைத்த ஒரே ஃபைலைத்தான், ராகு காலத்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அம்மா அழுதார்.

8 அக்டோபர், புதன்

பொந்தியானில் இருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அதாவது வார்த்தை இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி இல்லை. பத்துக்கு எட்டுப் பொருத்தமாம். நவம்பர் இரண்டாம் தேதி பெண் பார்க்க வருகிறார்களாம். ஃபைலைக் கையோடு எடுத்து வருகிறார்களாம்.

“பாத்திருந்தா சொல்லியிருப்பாங்க தனம்,” என்கிறார் அப்பா. அவர் விடியுமுன் மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் இருட்டிய பிறகு வருபவர். எந்தக் கவலைக்கும் அவரிடம் பத்து நிமிடம்தான் உண்டு.

“பாத்துட்டும் சொல்லாம இருந்தா?” என்கிறார் அம்மா.

மாமா போனில் இருமினால் ஏன் இருமினார், ‘சரி’ என்பதை ஏன் இழுத்துச் சொன்னார் என்று மூன்று பேரும் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். ஒருவர் சொன்னதற்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று புரியாமல் தவிப்பது எனக்குப் பதினேழு வருடப் பழக்கம். இப்போது வீட்டில் எல்லாரும் என்னைப் போல ஆகிவிட்டார்கள். யாருக்கும் பழக்கம் இல்லாததால் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்குப் போட்ட காதுக் கவசத்தோடு முறுக்கு சாப்பிட்டேன். முறுக்கு உடையும் சத்தம் தலைக்குள் மட்டும் கேட்டது.

28 அக்டோபர், செவ்வாய்

ரெண்டாம் தேதி நான் பெக்கோக்கில் சித்தி வீட்டில் இருக்க வேண்டுமாம். அம்மா சொன்னால் பரவாயில்லை, அம்மா எப்போதும் அப்படித்தான். அக்கா சொன்னாள். “ஒரே ஒரு நாள்தானடி. ப்ளீஸ் லா.”

அக்காதான் ஆரம்பப் பள்ளியில் என்னைக் கழிவறையில் பூட்டியவளின் முடியைப் பிடித்து இழுத்தவள். அவள்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு, அத்தனை தூரம் பெக்கோக்கிலிருந்து காலையில் வர முடியாது என்றேன். அது உண்மை. கடைசியில் அறைக்குள்ளேயே இருப்பதாக ஒப்பந்தம். யாராவது பேசினால் ‘கூச்சம்’ என்று சொல்ல வேண்டும். எனக்குப் பொய் வராது என்றேன். அப்படியானால் வாயையே திறக்காதே என்றார் அம்மா. “நுணலும் தன் வாயால் கெடும்.”

தவளை கத்துவது இணையைக் கூப்பிட. கத்தாத தவளைக்குக் குடும்பமே கிடையாது. சொல்லவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

ஒழுங்காக வரிசையாக எழுத வேண்டும்.

நான்கு பேர் வந்தார்கள். யுகேந்திரன், அவர் அப்பா, அம்மா, மனோகரன் மாமா. யுகேந்திரனின் அம்மா பெயர் வாசுகி. நான் அறையில், காதுக் கவசம் போட்டு, கதவு ஒரு விரல் திறந்து. கேசரி கொடுத்தார்கள். அக்கா காப்பி கொண்டுபோனாள். பொந்தியான் சாலையில் லாரிகள் பற்றி அப்பாக்கள் பேசினார்கள்.

பிறகு வாசுகி ஆன்ட்டி நீல ஃபைலை மேசை மேல் வைத்தார். நான் கவசத்தைக் கழற்றினேன்.

“இதுல பின்னால ஒரு ஆஸ்பத்திரி பேப்பர் இருந்திச்சி. படிச்சிட்டேன். தப்பா நெனைக்காதீங்க, ஜாதகம்னு நெனச்சித்தான் எடுத்தேன்.”

அம்மா கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஒரு கேள்வி கேக்கணும். கேக்காம மனசு ஒப்பல. உங்க காலத்துக்கு அப்பறம் அந்தப் பொண்ணு யாரோட இருக்கும்? இவங்க ரெண்டு பேரு கூடவா? தெரிஞ்சிக்கிட்டா நல்லது லா.”

அம்மா, “நான் சாகுற வரைக்கும் நான் பாப்பேன்,” என்றார். வாசுகி ஆன்ட்டி, “அதுக்கு அப்பறம்தான் கேக்குறேன்,” என்றார். அப்பா கேசரித் தட்டை நகர்த்தினார். “நான் பாத்துக்குவேன். என் தங்கச்சி,” என்றாள் அக்கா. குரல் உடைந்தது. யுகேந்திரன் தன் கால் விரல்களைப் பார்த்தார்.

அம்மாவின் முகத்தில் அவமானம் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் எனக்கு அவமானமாக இல்லை. ஒன்பது வயதிலிருந்து நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. இந்த வீட்டில் யாரும் சத்தமாகக் கேட்டதே இல்லை. பொந்தியானிலிருந்து ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு போனேன். ஒப்பந்தத்தை உடைத்தேன், அது தப்புதான்.

“நான் யார் கூடவும் இருக்க மாட்டேன் ஆன்ட்டி. எனக்குப் பட்டியல் இருக்கு,” என்று சொல்லி ஐந்து வரியையும் படித்தேன். காற்றாடி, பஸ், சாவி, தட்டு, தபால். “மிசஸ் லிம் டோபியில வேலை தரேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குக் கார்டு வேணும். கார்டுக்கு இந்தப் பேப்பர் வேணும். ஒரு மாசமா தேடுறேன்.” ஃபைலிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சமைக்கத் தெரியுமா?”

“சோறு, முட்டை, மேகி. கொழம்பு வராது.”

“ஒடம்பு சரியில்லாம போனா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. தெரியல, யோசிச்சிட்டுச் சொல்றேன் என்றேன்.

பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். பதில் பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

“சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுத்துட்டா,” என்று அம்மா சாமி மேடையைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்கா அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள்.

3 நவம்பர், திங்கள்

வாய்மொழித் தேர்வு. தலைப்பு: உன் எதிர்காலத் திட்டம். மூன்று நிமிடம் பேச வேண்டும். பதினொரு நிமிடம் பேசினேன். நிறுத்தச் சொன்னார்கள்.

9 நவம்பர், ஞாயிறு

ஏழு நாள். பொந்தியானிலிருந்து ஒன்றும் இல்லை. அக்கா என்னிடம் பேசவில்லை. அம்மா ‘சாப்பிடு’, ‘குளி’ மட்டும்.

நான் என்னா தப்பு பண்ணேன்? கேட்டாங்க, சொன்னேன். சொல்லாம இருந்தா மட்டும் நல்லா இருந்திருக்குமா? அக்கா வாழ்க்கை என்னால கெட்டுப்போச்சின்னா — அப்ப நான் என்ன பண்றது? எனக்குக் கார்டும் வேணும், அக்காவுக்குக் கல்யாணமும் நடக்கணும். ரெண்டும் வேணும்னு கேக்குறது பேராசையா? அம்மா என்னைப் பாக்குற பார்வைய என்னால தாங்க முடியல. அவங்க செத்துப்போன மறுநாள் நான் நடு ரோட்டுல நிப்பேன்னு அவங்க கண்ணுல எழுதியிருக்கு.

எனக்கும் அந்தப் பயம் இருக்கு. அதனாலதான் பட்டியல் போட்டேன்.

ரிப்போர்ட் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

அக்கா அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். என் தலையணையை நகர்த்தாமல் உட்கார்ந்தாள், நகர்த்தினால் எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கோபமாகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

“ஏண்டி அந்த லிஸ்ட்ல நான் இல்ல?”

பட்டியலில் ஆட்களே இல்லை, பொருட்கள்தான் இருக்கின்றன என்றேன். “தபாலுக்குக்கூட எடம் இருக்கு. எனக்கு இல்ல,” என்றாள். அழுதாள். அவள் இத்தனை நாள் பேசாமல் இருந்தது வரனுக்காக இல்லை, இதற்காக. எனக்கு அது தோன்றவே இல்லை. பதினாலு நாள் தப்பான காரணத்துக்கு வருத்தப்பட்டிருக்கிறேன்.

உடனே தாளை எடுத்து எழுதினேன்.

6. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவாள். வருவதற்கு முன் மெசேஜ் போட வேண்டும்.

அவள் படித்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தாள். “பெக்கோக் போன்னு சொன்னதுக்கு சாரிடி,” என்றாள். சரி என்றேன். அது ஆறிவிட்டது, பொய் இல்லை.

பிறகு போனைக் காட்டினாள். யுகேந்திரன் அனுப்பியது. அவர் அம்மா சொன்னாராம்: ‘அந்த வீட்ல கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது அந்தச் சின்னப் பொண்ணு ஒண்ணுதான்.’ தை மாதம் பரிசம் போடலாமாம். இன்னொரு வரியும் இருந்தது: ‘உடம்பு சரியில்லாம போனா என்ன செய்வான்னு யோசிச்சிட்டாளான்னு அம்மா கேக்குறாங்க.’

யோசித்துவிட்டேன். அக்காவுக்கு மெசேஜ் போடுவேன். அப்போது ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

11 டிசம்பர், வியாழன்

கணக்குத் தாள் நன்றாகச் செய்தேன். வரலாறு மோசம்.

9 ஜனவரி 2026, வெள்ளி

எனக்குப் பதினெட்டு. கேக் வேண்டாம், வெல்பேர் ஆபீஸ் போக வேண்டும் என்று ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். டாக்டர் கையெழுத்து போன மாதமே கிடைத்துவிட்டது. அம்மா வருவார் என்று நினைக்கவில்லை. தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். அவர் பயந்தது நடந்து முடிந்துவிட்டது, இனிப் பயப்பட ஒன்றுமில்லை, அதுதான் காரணமாக இருக்கலாம்.

கவுண்ட்டரில் இருந்த பெண் பாரத்தைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைக்கு என்ன என்று மலாயில் அம்மாவிடம் கேட்டார். அம்மா வாயைத் திறந்தார், மூடினார். “மலு,” என்றார். கூச்சம். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். அம்மா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார். பிறகு, “ஆட்டிசம்,” என்றார். ரொம்ப மெதுவாக. அம்மா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

காரில் திரும்பினோம். சிக்னலில் அம்மா என் தலைமுடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். எனக்கு அது பிடிக்காது என்று நினைவு வந்து ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டார்.

6 பிப்ரவரி, வெள்ளி

வெல்பேர் ஆபீஸிலிருந்து கடிதம். கார்டு தயார், வந்து பெற்றுக்கொள்ளலாம். உறையின் மேல் லோஷினி சுகுமாறன். அம்மா திறக்காமல் என் மேசை மேல் வைத்திருந்தார்.

ஐந்தாவது வரியை அடித்தேன்.

1 மார்ச், ஞாயிறு

நாளை வேலை. ஜாப் கோச் நிஸா டோபி வாசலில் காத்திருப்பார். அதுவரை நான் தனியாகப் போக வேண்டும். பஸ் ஏழு பத்துக்கு. தாமதமாக வரும் என்று இணையத்தில் எல்லாரும் திட்டியிருக்கிறார்கள். அப்பா எனக்கென்று வீட்டுச் சாவி ஒன்று வெட்டிக்கொண்டு வந்தார். இது என் வீட்டுச் சாவியா, அவர்கள் வீட்டுச் சாவியா? பாதிதான் என்று மூன்றாவது வரியைப் பாதி அடித்தேன்.

அம்மா பத்துத் தடவை சொன்னார், நானே கொண்டுபோய் விடுறேன். பத்துத் தடவையும் வேண்டாம் என்றேன். சட்டையை மூன்று முறை மடித்தேன்.

2 மார்ச், திங்கள்

பஸ் பதினேழு நிமிடம் தாமதம். இடது பக்கம், கடைசிக்கு முன் வரிசை, ஜன்னல் ஓரம். யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெள்ளை மைவி கார். நம்பர் எங்களுடையது. பஸ் நின்றால் அதுவும் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு காரும் அப்படி நிற்காது, பின்னாலிருந்து எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். ஒன்பது நிறுத்தமும் அப்படியே. நான் இறங்கி டோபிக்குள் போகும் வரை எதிர்க் கடை வாசலில் நின்றது.

நிஸா நல்லவர். ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்கிறார். நாற்பத்திரண்டு விரிப்பு மடித்தேன். மிசஸ் லிம் ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்தார். ஓரம் சேர்ந்திருந்தது.

ஐந்தரைக்கு என் சாவியால் கதவைத் திறந்தேன். அம்மா வீட்டில் இருந்தார். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டாராம். என் தட்டை எடுத்து வைத்தார், எதையும் பரிமாறவில்லை.

“பஸ்ஸுல பயமா இருந்திச்சா?”

சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. நம்பர்கூட வந்தது.

“இல்லம்மா,” என்றேன். “தனியாதான் போனேன். ஒண்ணும் ஆகல.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பரவாயில்லயே,” என்றார். “பரவாயில்லயே லா.”

‘பஸ்ஸில் தனியாக’ என்ற இரண்டாவது வரியை இன்னும் அடிக்கவில்லை. நாளைக்கு அம்மாவுக்கு லீவு கிடையாது. நாளைக்கு அடித்துவிடுவேன்.